அல்சூரில் இத்தனை முதலியார்கள்: எல்லோரும் ஒரே குடும்பமா?

கேள்வி இதுதான். கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து அல்சூரில் குடியேறியவர். ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் முதலியார். அதே பெயரோடு அல்சூரில் இன்னும் இரண்டு குடும்பங்கள், காக்ஸ் டவுனில் ஒன்று, கோலார் தங்கவயலில் ஒன்று இருக்கின்றன. தங்கவயலில் தாத்தாவின் தங்கை உயிரோடு இருக்கிறார். எல்லோரையும் ஒரே வம்ச மரத்தில் எழுத முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

எழுத முடியலாம். ஆனால் முதலியார் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் முடியாது. அது குடும்பத்தின் பெயரல்ல, பட்டம். துளுவ வேளாளர், செங்குந்தர், தொண்டைமண்டல வேளாளர் எனத் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கமே இல்லாதிருந்த சமூகங்கள் அதைச் சூட்டிக்கொண்டன. தறி நெய்தவர் வீட்டிலும் முதலியார், ஏர் உழுதவர் வீட்டிலும் முதலியார், கச்சேரியில் கணக்கு எழுதியவர் வீட்டிலும் முதலியார். பிள்ளைக்கும் நாயுடுவுக்கும் இதே கதைதான்.

அதோடு ஊர்ப்பெயர் சேர்ந்துகொண்டால் உறவு உறுதியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் போதாது. 1873-இல் தண்டில், அதாவது பெங்களூரின் பிரிட்டிஷ் கண்டோன்மெண்டில், பள்ளி தொடங்கிய ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரை அல்சூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மைசூரின் கடைசி திவானும் ஆற்காடு ராமசாமி முதலியார்தான். முன்னால் ஆற்காடு, பின்னால் முதலியார், இருவரும் பெங்களூரில் பேர்பெற்றவர்கள். இதை மட்டும் வைத்து இருவரையும் ஒரே கொடியில் கட்டிவிட முடியாது. ஆற்காடு என்பது ஒரு ஊர் மட்டுமல்ல. வடக்கு, தெற்கு என்று இரண்டு பெரிய ஜில்லாக்களுக்குப் பெயராக இருந்தது. அங்கிருந்து கிளம்பிய யாரும் அதைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம்.

மறுபக்கமும் உண்டு. ஒரே இரத்தம், பெயரில் ஒட்டே இல்லை. இதற்குப் பெங்களூரிலேயே நல்ல உதாரணம் சர் சி. வி. ராமன். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். பிறகு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகி இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1983-இல் அதே பரிசைப் பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் அவருடைய அண்ணன் மகன். ஒருவர் ராமன், இன்னொருவர் சந்திரசேகர். வெளிநாட்டுக்காரர் ஒருவர் குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் இவர்களைச் சித்தப்பா, மகன் என்று கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ்க் கண்ணோடு பார்த்தால் நொடியில் தெரியும்: ராமனின் தகப்பனார் பெயர் சந்திரசேகர ஐயர், தாத்தாவின் பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தாத்தா பெயர் வழக்கம் உங்களுக்குப் பட்டத்தைவிடப் பத்து மடங்கு உதவும். ஒரு குடும்பத்தில் ஏகாம்பரம், முனுசாமி, ஏகாம்பரம், முனுசாமி என்று இரண்டு பெயர்கள் மாறிமாறி வந்தால் அது ஒரு கொடியின் அடையாளம். அல்சூரின் இன்னொரு வீட்டிலும் அதே இரண்டு பெயர்கள் அதே வரிசையில் வந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. 1905-இல் பத்திரம் எழுதிய முனுசாமியும் 1950-இல் எழுதிய முனுசாமியும் ஒரே ஆள் என்று எண்ணி ஒரு தலைமுறையையே விழுங்கிவிடுவார்கள். தகப்பன் பெயரைச் சேர்த்துப் படிக்காமல் எந்த முனுசாமியையும் மரத்தில் ஏற்றாதீர்கள்.

இனிஷியலிலும் கவனம் வேண்டும். இரண்டு எழுத்து இருந்தால் பெரும்பாலும் முதலாவது ஊர், இரண்டாவது தகப்பன். எப்போதும் அப்படியல்ல: எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் எழுத்து மதுரை, இரண்டாவது தாயார் சண்முகவடிவு. பெங்களூரில் பிறந்த தலைமுறை முதல் எழுத்தில் பெங்களூரையே வைத்துக்கொண்டதும் உண்டு; அப்படியானால் பூர்வீக ஊர் அந்த இடத்தில் அழிந்துபோய்விட்டது என்று பொருள்.

இன்னொன்று. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. அதற்குப் பின் இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் பட்டம் உதிர்ந்தது. இங்கே, பள்ளி விண்ணப்பமும் பாஸ்போர்ட் விண்ணப்பமும் ஒரு கடைசிப் பெயரைக் கேட்டதால், கைவிட்ட பட்டத்தையே பலர் தூசி தட்டி எடுத்து எழுதினார்கள். வேலூரில் தங்கிவிட்ட தம்பியின் பேரனுக்கு இன்று கடைசிப் பெயர் அவன் அப்பாவுடைய பெயராக இருக்கும், சுந்தரம் என்றோ சண்முகம் என்றோ. ஆகவே நீங்கள் தேடும் பங்காளிகளில் பாதிப்பேர் முதலியார் என்ற பெயரிலேயே இருக்கமாட்டார்கள்.

சரி, பிறகு எப்படித்தான் உறவைத் தெரிந்துகொள்வது? காகிதத்துக்கு முன்னால் கிழவிகள். நான் பார்த்தவரை ஆண்கள் பெருமையைச் சொல்வார்கள், பெண்கள்தான் உறவைச் சொல்வார்கள். தங்கவயல் பாட்டியிடம் போய் "நம் வம்சம் என்ன?" என்று கேட்டால் ராஜா கதை வரும். இப்படிக் கேளுங்கள்: "காக்ஸ் டவுன்காரர்கள் வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு உண்டா?" தீட்டு காத்தால் பங்காளி, ஆண்வழியில் ஒரே குடி. குளித்துவிட்டு வந்தால் போதும் என்றால் வேறு. அடுத்து, "அவர்கள் வீட்டில் பெண் எடுத்திருக்கிறோமா, கொடுத்திருக்கிறோமா?" எடுத்திருந்தாலோ கொடுத்திருந்தாலோ அவர்கள் மாமன் மச்சான், சொந்தம்தான், ஆனால் உங்கள் தகப்பன் வழிக் கொடியில் அவர்களை எழுத முடியாது. இந்த இரண்டு கேள்விகளும் எந்த ஆவணக் காப்பகமும் தராத பதிலைத் தரும். மூன்றாவது, குலதெய்வம். பெயர் மட்டும் போதாது. பச்சையம்மனும் முனீஸ்வரனும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எந்த ஊர்ப் பச்சையம்மன், எந்த ஏரிக்கரை, கிடா யார் வெட்டுவது, முதல் மொட்டை எங்கே அடித்தார்கள் என்பது வரை கேட்க வேண்டும்.

குலதெய்வக் கோயில் கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. கும்பாபிஷேகத்துக்கும் திருவிழாவுக்கும் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு பூசாரியிடமோ நாட்டாண்மை வீட்டிலோ இருக்கும். வெளியூர் போனவர்களை யாரும் சும்மா விடமாட்டார்கள். பணம் அனுப்பக்கூடியவர்கள் அவர்கள்தானே. பெங்களூர் இன்னார், கோலார் இன்னார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். வரி கொடுத்த எல்லாத் தலைக்கட்டும் பங்காளியா, மாமன் மச்சான்களும் சேர்ந்தார்களா என்பதை மட்டும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளேயே இன்னும் மூன்று புதையல்கள் இருக்கும். முதலாவது மொய் நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதிய அந்தக் கணக்கை ஒரு கல்யாணத்தின் உறவு வரைபடம் என்றே சொல்லலாம். இரண்டாவது பழைய அழைப்பிதழ்கள். கல்யாணப் பத்திரிகையில் பேரன், குமாரன் என்று மூன்று தலைமுறை நிற்கும். கருமாதிப் பத்திரிகையில் மகள்களும் மருமகன்களும் ஊரோடு இருப்பார்கள். மூன்றாவது ஜாதகம். அதில் ஆண்டு தமிழில் இருக்கும், அறுபதாண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பிரபவ என்றிருந்தால் 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். ஏட்டின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி ஊரின் கதை கொஞ்சம், ஏனென்றால் எந்தக் காகிதம் எங்கே இருக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. 1809-இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அல்சூர்ப் பக்கம் இடம் மாறியபோதுதான் தண்டு உருவானது. படையோடு காண்டிராக்டர்களும் தானிய வியாபாரிகளும் சமையற்காரர்களும் வண்டிக்காரர்களும் தமிழ் ஜில்லாக்களிலிருந்து வந்தார்கள். 1864-இல் ரயில் தண்டுக்கு வந்துவிட்டதால் ஜோலார்பேட்டை வழியாக ஏறி வருவது எளிதானது. 1880-களில் தங்கவயல் சூடுபிடித்தபோது அதே வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து இன்னொரு கூட்டம் அங்கே இறங்கியது. ஆகவே ஒரு சகோதரன் அல்சூரிலும் இன்னொருவன் தங்கவயலிலும் இருப்பது இயல்புதான். உங்கள் பட்டியலில் தங்கவயல் குடும்பத்தை நான் முதலில் சோதிப்பேன்.

1881-இல் மைசூர் ராஜ்யம் மன்னரிடம் திரும்பியபோதும் தண்டு பிரிட்டிஷ் கையிலேயே இருந்தது. 1947-இல்தான் மைசூரோடு சேர்ந்தது. இதனால் ஒரே ஊரின் காகிதங்கள் இரண்டு நிர்வாகங்களில் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் கொள்ளுத்தாத்தா தண்டில் காண்டிராக்ட் எடுத்தவராகவோ நகரசபையோடு வழக்காடியவராகவோ இருந்தால், கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தோடு நிற்காமல் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் மைசூர் ரெசிடென்சி (பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகம்) கோப்புகளையும் பாருங்கள். அபிலேக் படல் என்ற அதன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். அங்கே தேடும்போது உங்கள் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதால் கேளுங்கள்: மூடலியார், மொதலியார், மோடிலியார் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவாமி, சாமி, சுவாமே எல்லாம் ஒன்றுதான்.

1898-இல் வந்த பிளேக் ஊரையே கலைத்துப் போட்டது. நெருக்கடியான தெருக்களிலிருந்து மக்களை அகற்றிப் புதிய பகுதிகளை வகுத்தார்கள். தண்டில் ஃப்ரேசர் டவுன் அப்படிப் பிறந்தது. குடும்பம் பிரிந்த ஆண்டு தெரியவில்லை என்று சொல்லும் பலருக்கு அந்த ஆண்டு இதை ஒட்டித்தான் இருக்கும்.

பத்திரங்களுக்கு வருகிறேன். என் தாய்மாமன் சிவாஜிநகர்ப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அவர் நகல்களில்தான், ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டிவிடுவேன். பழைய கிரயப் பத்திரத்தின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, இன்ன கிராமத்திலிருந்து வந்து பெங்களூர் தண்டு அல்சூரில் வசிக்கும், காலஞ்சென்ற இன்ன முதலியார் குமாரர், வியாபாரம், இன்ன முதலியார் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரய சாசனம்." ஒரே மூச்சில் ஊர், தகப்பன், தொழில், தகப்பன் இறந்துவிட்ட செய்தி. எல்லோரும் இதைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நான்கெல்லையில் "வடக்கே இன்னார் வீடு" என்றிருக்கும். ஒட்டிய வீட்டுக்காரர் பல நேரம் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணனாக இருப்பார். சாட்சிக் கையெழுத்துகளில் மைத்துனனும் மருமகனும் இருப்பார்கள். யாரை நம்பிச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள் என்பதே ஒரு தகவல்.

கிரயத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் மேல். அதில் எல்லா ஆண் வாரிசுகளும், இறந்த அண்ணனின் சிறுவயதுப் பிள்ளைகள் கார்டியன் பெயரோடும் வருவார்கள். அதைவிட நான் அதிகம் மதிப்பது, தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். சகோதரிகள் பெயர் எழுத்தில் ஏறுவது அங்கேதான். கோர்ட்டுக்குப் போன பாகவழக்காக இருந்தால் வம்சாவளிப் படமே பிராதோடு இணைக்கப்பட்டிருக்கும். சண்டை போட்ட குடும்பங்களின் வரலாறுதான் நமக்கு நன்றாகக் கிடைக்கிறது. ஒற்றுமையாக வாழ்ந்தவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை.

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகம். பதிவுச் சட்டப்படி முதல் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர் வரிசையிலும், இரண்டாம் அட்டவணை சொத்து வரிசையிலும் இருக்கும். அசையாச் சொத்துகளுக்கான முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் பதிவான மூன்றாம் புத்தகத்தை அப்படிப் பார்க்க முடியாது, ஆனால் எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யாரும் கேட்டு வாங்கலாம். கர்நாடகத்தில் வருவாய்த் துறை வம்சவிருட்சச் சான்று ஒன்றும் தருகிறது. நிலம் வைத்திருந்த குடும்பமானால் காத்தா (சொத்துப் பதிவிலுள்ள பெயர்) மாற்றும்போது அதை வாங்கியிருப்பார்கள். ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்: பங்கு கேட்கக்கூடிய ஆளை அதில் விட்டுவிடுவது புதிதல்ல.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. இன்னொரு வீட்டுக்குப் போய் முதல் சந்திப்பிலேயே "பழைய பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். அல்சூரில் இன்று ஓர் அடி நிலத்தின் விலையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உங்கள் வீட்டுக் கல்யாணப் புகைப்படத்தை எடுத்துப்போய் "இதில் உங்கள் தாத்தா இருக்கிறாரா?" என்று கேளுங்கள். பத்திரம் பிறகு தானாக வெளியே வரும்.

பத்திரத்தில் கிடைத்த ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடக்கூடாது. 1911-இல் சித்தூர் ஜில்லா உருவானபோது வட ஆற்காட்டின் வடபகுதி அதில் போய்விட்டது. ஆகவே 1900-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் வட ஆற்காட்டுக் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். அப்படிப் போன திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மிஞ்சிய வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. வேலூரிலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தாலுகா பெயரை வைத்து ஊரைப் பிடியுங்கள், ஜில்லா ஏமாற்றும். ஊர் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரமுள்ள "அ" பதிவேடும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மெண்ட், இனாம் பதிவேடுகளும் பார்க்கலாம். இனாம் (மானிய) நிலம் வைத்திருந்த குடும்பமானால் 1860-களை ஒட்டிய பதிவேட்டில் அன்றைய அனுபவதாரர் பெயர் இருக்கும். நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி அடைத்துக்கொள்ளும். தண்டுக்கு வந்தவர்களில் அப்படிப்பட்டவர்களும் ஏராளம்.

அவர்களுக்குப் படையும் கோயிலும் உதவும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவரானால் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் காகிதத்திலும் கிராமம், தாலுகா, வாரிசு எல்லாம் உண்டு. உலகப் போர்களில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் கிடைக்கும். அல்சூர், சிவாஜிநகர்க் கோயில்களில் உபயம் எழுதிய கல்லையும் குத்துவிளக்கையும் மணியையும் படியுங்கள். தகப்பன் நினைவாக மகன் செய்த உபயங்கள் அதிகம்.

உங்கள் உறவில் கிறிஸ்தவர்களான கிளை இருந்தால் அதிர்ஷ்டம் என்பேன். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள், தாய் பெயர் உட்பட. ஆனால் அங்கேயும் பெயரால் ஏமாறாதீர்கள்: சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர்த் திருவிழா எவ்வளவு பெரியதோ, தண்டில் ஆரோக்கியசாமிகளும் ஆரோக்கியமேரிகளும் அவ்வளவு பேர். அந்தப் பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு தாத்தாவின் பேரர்கள் அல்லர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இங்கிலாந்தில் பழைய வீட்டுவாரிப் படிவங்களை நூறாண்டு கழித்துப் பார்க்கலாம். நம் நாட்டில் தனிநபர் விவரம் யாருக்கும் காட்டப்படுவதில்லை. 1948 சட்டம் அதைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாகப் பழைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். வீட்டு எண், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர் மூன்றும் உண்டு. ஒரே கதவு எண்ணில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். எச்சில் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாமன் மகளை மணந்து மணந்து வந்த சமூகத்தில் அது எல்லோரையும் தூரத்துச் சொந்தம் என்றுதான் சொல்லும்.

எழுதும்போது ஒவ்வொரு ஆளுக்கும் எதில் பார்த்தீர்கள், யார் சொன்னார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தாரம், தத்து, வீட்டை விட்டுப் போனவர்கள் என்று எல்லாக் குடும்பத்திலும் வரும். குறிப்பேட்டில் எழுதுங்கள், உயிரோடிருப்பவர்களைத் தொடும் விஷயமானால் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். அல்சூரின் இரண்டு குடும்பங்கள், காக்ஸ் டவுன், தங்கவயல் எல்லாவற்றுக்கும் முதலில் தனித்தனித் தாள். தீட்டு, குலதெய்வக் கோயில், பத்திரத்திலுள்ள கிராமம் இம்மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் தாள்களை ஒட்டுங்கள். ஒன்று மட்டும் ஒத்தால் பென்சிலால் கோடு போதும். பெயரைத் தவிர வேறு எதுவும் ஒத்துப்போகாத குடும்பத்துக்குக் கோடே வேண்டாம். அல்சூரில் அடுத்த தெருக்காரர்கள் என்று எழுதினால் அது பொய்யாகாது.